நுனி கருகிய இலையும் மெட்ராஸ் தண்ணியும்

வீட்டுக்குள் செடி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகார் வரும். செடி நன்றாகத்தான் இருக்கிறது, இலையும் பச்சையாகத்தான் இருக்கிறது, நுனி மட்டும் பழுப்பாகிக் கருகிப் போகிறது. முதலில் கடுகளவு. பிறகு ஒரு விரற்கடை. அப்புறம் கால்வாசி இலை. கத்தரிக்கோலால் நறுக்கி விட்டாலும் கொஞ்ச நாளில் நறுக்கிய இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பிக்கும். பூச்சி கிடையாது, பூஞ்சை கிடையாது. வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றியும் இப்படி.

தோட்டக்கலை பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினால் மூன்று பதில் கிடைக்கும். ஒன்று, அறைக் காற்று வறண்டிருக்கிறது, இலை மேல் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு, குழாய்த் தண்ணீரில் ஃபுளூரைடு இருக்கிறது. மூன்று, தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்து மறுநாள் ஊற்றுங்கள், குளோரின் போய்விடும். மூன்றும் பொய் இல்லை. ஆனால் மூன்றும் வேறு ஏதோ ஊருக்காக எழுதப்பட்டவை. டப்பாவைத் திறந்து ஒரு மணி நேரத்தில் அப்பளம் நமுத்துப் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு "காற்று வறண்டிருக்கிறது" என்று படிப்பது வேடிக்கையாக இருக்கிறது. (ஏ.சி. அறைக்கு மட்டும் இது பொருந்தும்.)

ஒவ்வொரு ஊரிலும் இலை நுனி கருகுவதற்கு அந்த ஊர்த் தண்ணீரின் சரித்திரம்தான் காரணம் என்பது என் கட்சி. அமெரிக்காவில் அது ஃபுளூரைடு. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் அது உப்பு. இந்த உப்பு நம் வீட்டுத் தொட்டி வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக் கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதைக்குப் போகும் முன், ஏன் நுனி? வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்டு வழியாக அது இலைக்குப் போய், இலையிலிருக்கும் துளைகள் வழியாக ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருக்கும் உப்பு ஆவியாகாது. நீளமான இலைகளில் தண்ணீரோட்டம் நுனியை நோக்கிப் போகிறது. அங்கேதான் கடைசி ஸ்டேஷன். வந்த உப்பெல்லாம் அங்கே இறங்கி நிற்கிறது, திரும்பிப் போக வண்டி இல்லை. ஓர் அளவைத் தாண்டியதும் நுனியின் செல்கள் செத்துக் கருகுகின்றன. காமர்ஸ் படிப்பவன் கண்ணுக்கு இது கணக்குப் புத்தகம் மாதிரிதான் தெரிகிறது. தண்ணீர் தினமும் செலவாகி விடுகிறது. உப்பு மட்டும் பாக்கியாக அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்லப்படுகிறது.

எவ்வளவு பாக்கி என்று போட்டுப் பார்க்கலாம். ஒரு தொட்டிக்குத் தினமும் அரை லிட்டர் ஊற்றுகிறோம். போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1500 என்று வைத்துக்கொள்வோம், அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைந்த உப்புகள். ஒரு நாளைக்கு முக்கால் கிராம், வருஷத்துக்கு சுமார் 274 கிராம். கால் கிலோவுக்கும் மேல்! ஒரு சின்னத் தொட்டியில் ஒரு வருஷத்தில் கால் கிலோ உப்பைக் கொட்டிவிட்டு, ஏன் நுனி கருகுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதே கணக்கை டி.டி.எஸ். 300 உள்ள தண்ணீருக்குப் போட்டால் 55 கிராம்தான் வரும். மழைத் தண்ணீருக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

வெளியே நிற்கும் செடிக்கு இந்தப் பாக்கியை வருஷா வருஷம் வடகிழக்குப் பருவமழை வந்து கழுவி விடும். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு மழை கிடையாது. போதாததற்கு, தரை ஈரமாகி விடும் என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறோம், தட்டு நிரம்பி வழியாதபடி பார்த்துப் பார்த்துக் கொஞ்சமாக ஊற்றுகிறோம். உள்ளே போன உப்புக்கு வெளியேற வழியே இல்லை. பழைய மண் தொட்டியிலாவது உப்பு சுவர் வழியாகக் கசிந்து வெளியே வெள்ளையாகப் பூக்கும். பிளாஸ்டிக், பீங்கான் தொட்டிகளில் அதுவும் போச்சு.

இன்னொன்று, இந்தச் செடிகள் யார் என்பது. ட்ரசீனாக்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. ஸ்பைடர் பிளான்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். பீஸ் லில்லி தென் அமெரிக்காவின் மழைக்காட்டுத் தரையில் வளர்வது. மணி பிளான்ட் பசிபிக் கடலில் இருக்கும் பிரெஞ்சு பாலினீசியத் தீவுகளிலிருந்து வந்தது. தி.நகர் கிஃப்ட் கடைகளில் கண்ணாடி ஜாடியில் விற்கும் "லக்கி பாம்பூ" மூங்கிலே இல்லை, அதுவும் மேற்கு ஆப்பிரிக்க ட்ரசீனாதான். சீனாவுக்கும் அதற்கும் வியாபாரம் தவிர வேறு உறவு கிடையாது. இவற்றில் பாதிக்கு மேல் பெரிய மரங்களின் நிழலில் மழைத் தண்ணீர் குடித்துப் பழகியவை.

இப்படிப்பட்ட செடிகள் கடல் தாண்டிப் பயணம் செய்ய முடிந்ததற்கு லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு ஒரு முக்கியக் காரணம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைத்தால் செடி தன் ஈரத்தையே திரும்பத் திரும்பக் குடித்துப் பிழைக்கும் என்று 1829 வாக்கில் கண்டுகொண்டார். 1833-ல் அந்தப் பெட்டிகளில் செடிகள் கப்பலில் ஆஸ்திரேலியா வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1835-ல், இங்கே மெட்ராஸில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. கதீட்ரல் ரோட்டில் இருந்ததே, அதுதான். பங்களா வராந்தாக்களில் குரோட்டன்ஸும் பெரணியும் வரிசை கட்டி நின்ற காலம் அது. கவனிக்க வேண்டிய விஷயம், அவை வராந்தாவில் நின்றன. சாரல் அடித்தது. மயிலாப்பூரின் பழைய வீடுகளிலும் செடி என்றால் முற்றத்துத் துளசி மாடமும் கிணற்றடி வாழையும்தான், இரண்டின் தலைக்கு மேலும் ஆகாசம். ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் செடி நிற்பது, தனி வீடுகள் இடிந்து ஃபிளாட்டுகள் எழும்பிய பிறகு பரவிய பழக்கம். 1989-ல் நாசா ஆய்வு ஒன்று வீட்டுச் செடிகள் அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொன்னது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. ஆனால் நர்சரிக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சரி, ஃபுளூரைடு கதை. இதில் நம் கிண்டிக்கும் ஒரு பங்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் சில ஊர்களில் ஜனங்களின் பல்லில் பழுப்புக் கறை இருந்தது. காரணம் குடிநீரிலிருக்கும் அதிக ஃபுளூரைடு என்று 1931-ல் அலுமினியக் கம்பெனி ஒன்றின் வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தார் (பிரதமர் சர்ச்சில் இல்லை!). அதே ஆராய்ச்சியின் மறுபக்கமாக, கொஞ்சமாக இருந்தால் பல் சொத்தை குறைகிறது என்றும் தெரிந்தது. 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம், உலகத்திலேயே முதலாவதாக, குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்க ஆரம்பித்தது. லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். பிறகு ஊர் ஊராகப் பரவியது.

பற்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஆனால் 1970களில் அமெரிக்க ஆபீஸ்களிலும் வீடுகளிலும் செடி வைக்கும் மோகம் வந்தபோது ட்ரசீனா, கார்டிலைன் வகைகளின் நுனிகள் கருகின. ஃப்ளோரிடாவில் பூல், கோனோவர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1973-ல் கார்டிலைன் நுனிக் கருகலுக்குக் காரணம் ஃபுளூரைடுதான் என்று காட்டினார்கள். பல்லைக் காப்பாற்றும் அதே அளவு இந்தச் செடிகளுக்கு விஷம். ஆங்கிலப் புத்தகங்களில் "குழாய்த் தண்ணீர் வேண்டாம்" என்று எழுதியிருப்பதன் பூர்வீகம் இதுதான்.

இப்போது கிண்டி. அமெரிக்காவில் கொஞ்சமாகச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அதே 1930களில், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் நேர் எதிரான பிரச்சினையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மதராஸ் ராஜதானியில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஜனங்களுக்கு முதுகெலும்பு விறைத்து, மூட்டுகள் மடங்காமல் போயின. கிணற்று நீரில் இயற்கையாகவே இருந்த ஃபுளூரைடுதான் காரணம் என்று 1937-ல் எழுதினார்கள். இந்தியாவில் எலும்பைத் தாக்கும் ஃபுளூரோசிஸ் பற்றிய ஆரம்ப ஆய்வுகளில் முக்கியமானது அது. இங்கே குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்கும் வழக்கம் வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் பாடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான்.

ஆகவே அடையாறு ஃபிளாட்டில் ட்ரசீனா நுனி கருகினால், "குழாயில் ஃபுளூரைடு கலக்கிறார்கள்" என்பது கிராண்ட் ராபிட்ஸிலிருந்து கடன் வாங்கிய பதில். இங்கே தொட்டிக்குள் ஃபுளூரைடு போக இன்னொரு வழி உண்டு, அது சூப்பர் பாஸ்பேட் உரம். பாறையிலிருந்து செய்வதால் அதில் ஃபுளூரைடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 1906-லேயே பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் இதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. வயலுக்கு நல்ல சரக்கு. ட்ரசீனா, ஸ்பைடர் பிளான்ட் தொட்டிகளில் மட்டும் போடாதீர்கள்.

இனி நம் உப்பு.

மெட்ராஸ் ஒரு நல்ல ஆற்றங்கரையில் பிறந்த ஊர் இல்லை. கூவமும் அடையாறும் மழைக்காலத்து ஆறுகள், முகத்துவாரத்தில் கடல் உள்ளே வந்து போகும். ஆகவே ஊர் கிணறுகளை நம்பியே இருந்தது. கோட்டைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று 1772-ல் கேப்டன் பேக்கர் வடக்கே கிணறுகள் வெட்டி அங்கிருந்து தண்ணீர் கொண்டு போனார். ஏழு கிணறு என்று இன்றைக்கும் அந்தப் பகுதிக்குப் பெயர். ஆனால் அது கோட்டைக்கான ஏற்பாடு. மற்ற ஜனங்களுக்கு வீட்டுக் கிணறு, கோவில் குளம், ஏரி. 1872-ல்தான் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து ஊருக்குள் பாய்ந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம். அதற்குப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்காமல் 1943-லேயே இறந்துவிட்டார், இன்று அது அவர் பெயரில் இருக்கிறது.

குழாயில் ஏரித் தண்ணீர் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அதோடு ஒரு மறதியும் வந்தது. தண்ணீர் எங்கிருந்தோ வரும் என்றான பிறகு, பக்கத்தில் இருக்கும் ஏரி எதற்கு?

மயிலாப்பூருக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறை மாதிரி வளைந்து கிடந்த ஏரி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்பார்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஊர் நெரிசலாகிவிட்டது, மனை வேண்டும் என்று 1923 வாக்கில் ஏரியை வடித்துத் தூர்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பெயர், நடுவில் பனகல் ராஜா பெயரில் பூங்கா. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்ற பெயரும் டேங்க் பண்ட் ரோடு என்ற பெயரும் இன்னும் இருக்கின்றன. ஏரிதான் இல்லை. பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் நம் ஊருக்கு எப்போதும் உண்டு.

அன்றைக்கு அதைத் தவறு என்று யாருக்கும் தோன்றியிருக்காது. கிணறு ஊறியது, குழாயும் வந்தது. ஆனால் ஏரி என்பது மேலே தெரிகிற தண்ணீர் மட்டும் இல்லை. மழைக்காலத்துத் தண்ணீரைப் பல மாதம் பிடித்து வைத்து மெதுவாக மண்ணுக்குள் இறக்குகிற வேலையையும் அது செய்கிறது. அந்த இடத்தில் தார் ரோடும் துணிக்கடையும் வந்த பிறகு, பெய்கிற மழை அரை மணி நேரத்தில் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

கடற்கரைப் பக்கம் இது இன்னும் பெரிய விஷயம். சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் எல்லாம் மணல். மணலுக்குள் மழை நீர் இறங்கி, கீழே இருக்கும் கடல் நீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம், எண்ணெய் மாதிரி மேலே நிற்கும். இதை 1880களின் கடைசியில் டச்சுக்காரர் கைபனும், 1901-ல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் போட்டு மேலே ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும்! இவ்வளவு மோசமான வட்டி விகிதத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை.

கிணற்றில் வாளி விட்டு இறைத்த காலத்தில் அந்த ஓர் அடி இறங்க வழியில்லை. கை வலிக்கும், நிறுத்திவிடுவோம். மின் மோட்டாருக்குக் கை வலிக்காது. ஒரு குடும்பம் இருந்த மனையில் பன்னிரண்டு குடும்பம் வந்து, ஆளுக்கொரு போர் போட்டபோது கடல் உள்ளே வந்தது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் கடைசியிலேயே கடல் நீர் நிலத்தடியில் ஊடுருவியது தெரிய வந்தது. 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தெற்கே பெசன்ட் நகரில் கிணறுகள் உவர்ப்பதைக் கவனித்த சேகர் ராகவன், 1990களில் வீடு வீடாகப் போய் மழைநீரைப் பூமிக்குள் இறக்கச் சொன்னார். பெரும்பாலும் கதவைச் சாத்தினார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2002-ல் மந்தைவெளிப்பாக்கத்தில் மழை மையம் திறக்கப்பட்டது. மறு வருஷம் 2003-ல், வறட்சி கழுத்தை நெரித்தபோது, தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. திட்டுக் கொண்டே குழாய் மாட்டினார்கள் ஜனங்கள். 2005-ல் பெருமழை பெய்தது. பல இடங்களில் கிணற்று மட்டம் ஏறி உவர்ப்பும் குறைந்தது. ஓர் அரசாணை கிணற்றின் ருசியை மாற்றியது நம் ஊரில்தான் நடந்தது, இதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவே தண்ணீர் இன்னும் தூரத்திலிருந்து வர ஆரம்பித்தது. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் 1996-ல் தமிழக எல்லைக்கு வந்தது. 2004-ல் வீராணம். 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். அடையாறு, வேளச்சேரிப் பக்கம் போவது நெம்மேலித் தண்ணீர். கடலை நிலத்தடிக்குள் வரவிட்டோம், பிறகு கோடிக்கணக்கில் செலவு செய்து கடலிலிருந்தே நல்ல தண்ணீர் எடுக்கிறோம். 2019 கோடையில் நான்கு ஏரிகளும் காய்ந்து, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்து நின்றது. அந்த வருஷம் இலை நுனி பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களிடம் ட்ரசீனாவைப் பற்றிப் பேசினால் குடத்தாலேயே அடிப்பார்கள்.

இன்றைய நிலைமை, ஒரே வீட்டில் நாலு வகைத் தண்ணீர். மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். நாலில் மோசமானது எதுவோ அதுதான் செடிக்குப் போகும். நியாயம்தான், நல்ல தண்ணீரைக் குரோட்டன்ஸுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்?

இப்போது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர். ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுக்க மெஷின் ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று குடம் வெளியே தள்ளுகிறது. தண்ணீர்க் கஷ்டம் பார்த்த வீடுகளில் அதைக் கீழே விட மனசு வராது. வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவார்கள். சிக்கனம் என்ற வகையில் கும்பிடத்தக்க பழக்கம். ஆனால் அந்த மெஷினின் வேலையே நல்ல தண்ணீரிலிருந்து உப்பை எடுத்து இந்தப் பக்கம் தள்ளுவதுதான். 1500 டி.டி.எஸ். தண்ணீரில் பாதி வடிகட்டி வந்தால், மீதிப் பாதி கிட்டத்தட்ட 3000. மேலே போட்ட கணக்கில் வருஷத்துக்கு அரை கிலோவைத் தாண்டும். தரை துடையுங்கள், கார் கழுவுங்கள், கழிப்பறைக்கு விடுங்கள். தொட்டிச் செடிக்கு மட்டும் வேண்டாம்.

பிடித்து வைத்து மறுநாள் ஊற்றுவது? குளோரின் போகும், உப்பு போகாது. கொதிக்க வைப்பது இன்னும் மோசம், தண்ணீர் குறைந்து உப்பு அடர்த்தியாகும்.

வேலைக்கு ஆகிற வழி ஒன்று, கழுவி விடுவது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தொட்டியைப் பாத்ரூமுக்கோ பால்கனிக்கோ தூக்கிக்கொண்டு போய், கிடைப்பதில் உப்பு குறைந்த தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, மெதுவாக ஊற்றி அடியில் வழிய விட வேண்டும். அவசரமாக ஊற்றினால் ஓரமாக ஓடிவிடும், மண் நனையாது. மண்ணின் மேலே வெள்ளைப் படலம் இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எறிந்துவிடுங்கள். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் போன உப்பை மண் மறுபடி குடித்துக்கொள்ளும். ஓட்டை இல்லாத அலங்காரத் தொட்டியில் செடி வைப்பது, வைத்தவருக்கும் நர்சரிக்காரருக்கும் மட்டுமே லாபம்.

தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்கி மண்ணோடு கலப்பவர்கள் அதை இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிவிட்டுக் கலக்க வேண்டும். தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு. உரத்தை அளவோடு போடுங்கள், உரமும் ஒரு வகை உப்புதான். கருகின நுனியை வெட்டும்போது பச்சை வரை வெட்டாமல் ஒரு நூலளவு பழுப்பை விட்டு வெட்டினால் புதுக் காயம் ஆகாது. கருகின இடம் மறுபடி பச்சையாகாது, புதிதாக வரும் இலையைப் பார்த்துத்தான் வைத்தியம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள முடியும்.

இதெல்லாம் முடியாது என்றால் செடியை மாற்றலாம். சோழமண்டலக் கரையிலேயே வளர்கிற மருள் இருக்கிறது. இப்போது ஸ்நேக் பிளான்ட் என்று விலை ஒட்டி விற்கிறார்களே, அதற்குச் சொந்தக்காரச் செடி. தண்ணீரே அதிகம் கேட்காது, தண்ணீர் கேட்காத செடிக்கு உப்பும் குறைவாகத்தான் சேரும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். முதல் மழையை விட்டுவிடுங்கள், அது மொட்டை மாடியைக் கழுவிக்கொண்டு வரும். இரண்டாவது மழையிலிருந்து குழாய்க்குக் கீழே ஒரு டிரம் வைத்து, கொசு புகாமல் துணி கட்டினால், ஏழெட்டுத் தொட்டிகளுக்குச் சில வாரம் வரும். மற்ற மாதங்களுக்கு இன்னொரு ஊற்று, தி.நகரின் எந்தச் சந்தில் நடந்தாலும் உங்கள் தலையில் சொட்டுகிறதே, ஏ.சி. தண்ணீர். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து விழுவது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. குடிக்கக் கூடாது, காய்கறிச் செடிக்கும் வேண்டாம், அலங்காரச் செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். சித்திரை வைகாசியில் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடினால் விடிவதற்குள் ஒரு வாளியில் பாதிக்கு மேல் சேரும். வாளியை ஜன்னலுக்கு வெளியே எப்படிக் கட்டுவது என்பதுதான் ஒரே பிரச்சினை, கீழ் வீட்டுக்காரர் சம்மதத்தோடு செய்யவும் :-)